நாவல்களுக்கு வீடு பார்க்கப் போனவளுக்கு

இன்று மதியம் எங்கள் துறையில் என் மாணவி ஒருத்திக்குப் பொது வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்டத்துக்குக் கடைசி வாசல் அதுதான். கேள்விகள் முடிவதற்குள்ளேயே பின்வரிசையில் காகிதத் தட்டுகளில் மிக்சர் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஃபிளாஸ்கைத் திறந்ததும் காப்பி மணமும் வறுத்த கறிவேப்பிலை மணமும் கலந்து வந்தன. அதோடு நீயும் வந்துவிட்டாய். நல்லவேளை, அப்போது மேடையில் பேச வேண்டியவள் நான் இல்லை.

நாம் இருவரும் பி.ஏ. தமிழில் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்ததும் நீ திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்த குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டாய். நான் ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு சூரமங்கலம் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் போர் போட வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். இங்கே ஆபீஸ் உன் கையில். டிரைவர்களை விரட்டுவது, டீசலுக்குச் சொல்வது, ஸ்பேர் பார்ட்ஸ் அனுப்புவது எல்லாம் நீதான். அதற்கு நடுவில் நாவல் படிப்பாய். முடித்த கையோடு எனக்குப் போன் வரும். நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லி நீ ஒருநாளும் விட்டதில்லை. கதையில் வந்த ஆட்களையெல்லாம் வம்புக்கு இழுத்த பிறகுதான் போனை வைப்பாய்.

சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசினாலும், மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற கூட்டத்தில் உன்னை முன்னால் நிறுத்துவார்கள். மற்றவர்கள் முன்னறையில் பலகாரம் தின்றுகொண்டு தோட்டத்தைப் பற்றி விசாரிப்பார்கள். நீ நேராகச் சமையல்கட்டுக்குள் போய்விடுவாய். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மூத்த மருமகள் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காருகிறாள், பீரோ சாவி யார் இடுப்பில் என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாய். "மாப்பளயப் பாத்து என்ன பண்றது புள்ள? ஊட்டப் பாக்கோணும். நாளைக்கு இவள மாத்தப்போறது அந்த ஊடுதான்" என்பாய். நாவல்களையும் நீ அப்படித்தான் படித்தாய் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நாற்பதைத் தாண்டி நான் ஆய்வுக்குப் பதிவு செய்தேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்காத வாய் இல்லை. ஒப்பிடுவதற்கு இரண்டு நாவல்களை எடுத்தேன். ஒன்று ஆற்றங்கரை ஊர்க் கதை. பெரிய குடும்பத்தின் மூத்த மருமகள், புருஷன் செத்த பிறகு தன் பங்கு நிலத்தைக் கொழுந்தனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அந்த வீட்டிலேயே காலம் தள்ளுகிறாள். மற்றது மில் குடியிருப்புக் கதை. அப்பா வீட்டில் பங்கு கேட்டு அண்ணன்மேல் கேஸ் போட்டு ஜெயிக்கிற ஒருத்தி. முதலாமவள் பொறுமைசாலி, இரண்டாமவள் போராளி என்று இரண்டு கட்டம் போட்டு மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தேன்.

நீ இரண்டையும் படித்துவிட்டுச் சூரமங்கலத்துக்கு பஸ் ஏறி வந்தாய். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாய்.

"ஏம் புள்ள, ரெண்டு பேரையும் செவுத்துல படம் மாட்டற மாதிரி மாட்டி வெச்சிருக்கறயே! அவளுகள ஊடு மாத்தி உட்டுப் பாத்தியா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்று சமையலறையில் உட்கார்ந்து மில்காரியை ஆற்றங்கரை வீட்டுக்கு மூத்த மருமகளாக அனுப்பினோம். அங்கே மாமியார் படுத்த படுக்கை. மூத்த மருமகள் கையால் ஊட்டினால்தான் கிழவிக்குச் சோறு இறங்கும். கேஸ் போட்டுவிட்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது? வெளியே போனால் யார் ஊட்டுவது?

"மில்லுக்காரியும் எழுதித்தான் குடுப்பா. பல்லக் கடிச்சுக்கிட்டுக் குடுப்பா" என்றாய்.

"செரி, ஆத்தங்கரைக்காரி மில்லுக்கு வந்தா?" என்றேன்.

"அங்க பக்கத்து ஊட்டுல ஒருத்தி இருக்கறாளே, கோர்ட்டுக்குக் கூடவே போயி சாட்சி சொன்னவ. அவ தொணைக்கு நின்னா இவளும் கேசு போடுவா."

அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நாவலில் சில பக்கங்கள்தான் வருகிறாள். நான் அவளுக்கு ஒரு கோடுகூடப் போட்டு வைக்கவில்லை. இரண்டு பெண்களின் சுபாவத்தையும் பிரித்துப் பிரித்து எழுதியவள், அவர்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்கவே இல்லை. எழுதியதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

என் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கறாரானவர் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். "காலம் வேறு, ஊர் வேறு, எழுதியவர்கள் வேறு. எந்த அடிப்படையில் இவர்களை ஒப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்ததெல்லாம் புத்தகத் தமிழ்க் கலைச்சொற்கள். "இது கோட்பாடு அம்மா. நான் கேட்டது உங்கள் அடிப்படையை" என்றார். அதே கலைச்சொற்களை வரிசை மாற்றி மறுபடி அடுக்கினேன். திருத்தித் தரச் சொல்லி அவர் எழுதிவிட்டால் ஆய்வேடு மறுபடி முதல் படிக்குப் போகும். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்கள் எல்லாம் சொன்னது பலித்துவிடும்.

அடுத்தது பார்வையாளர் கேள்வி. அதில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. என்ன கேட்க வேண்டும் என்று ஜூனியர்களிடம் முன்கூட்டியே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். அவர்கள் கேட்பார்கள், நாங்கள் அப்போதுதான் யோசிப்பதுபோல் பதில் சொல்வோம். சீட்டு வைத்திருந்தவள் எழுவதற்கு முன்னால், என் தேர்வைப் பார்க்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நீ எழுந்துவிட்டாய். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவை வேறு!

"ஏனுங்க, எனக்கொரு சந்தேகமுங்க. இந்த மில்லுக்காரிய அந்த ஆத்தங்கரை ஊட்டுக்கு மருமவளா அனுப்பிச்சா கேசு போடுவாளுங்களா, மாட்டாளுங்களா?"

அரங்கமே சிரித்தது. என் நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். நீ உட்காரவில்லை. "சொல்லுங்க மேடம்" என்றாய், என்னைப் பார்த்து! இத்தனை வருஷத்தில் நீ எனக்கு மரியாதை கொடுத்தது அந்த ஒரு தடவைதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. சமையலறையில் உன்னோடு பேசியதுபோலவே பேசினேன். மாமியாரின் சோற்றையும் கோர்ட்டுக்குக் கூடப் போனவளையும் சொன்னேன். "ஆளை அப்படியே வைத்துக்கொண்டு வீட்டை மாற்றிப் பார்த்தேன் ஐயா. என் அடிப்படை அதுதான்" என்றேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மாமியார் இறந்துபோனால் மில்காரி என்ன செய்வாள் என்று கேட்டார். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, நடுவில் நீ புகுந்து "அதெப்படிங்கய்யா?" என்று அவரையே மடக்க, காப்பி ஆறிப்போனது. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அவர் அறிவித்தபோது முதல் கைதட்டல் உன்னுடையது. உன்னைப் போல் ஒருத்தி என் சிநேகிதி என்று அன்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமை இன்றுவரை குறையவில்லை.

அப்புறம் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரி. உனக்குப் புத்தகம் பிடிக்கவே தெம்பில்லை. நான் படிக்க நீ கேட்டாய். ஒரு மத்தியானம் நடுவில் நிறுத்தச் சொன்னாய்.

"என்னைய எந்தக் கதைக்குள்ள கொண்டுபோயி உடுவ புள்ள?"

"மொதல்ல நீ எந்திரி. அப்பறம் சொல்றேன்."

"அப்பறமுன்னா எப்ப? நல்ல ஊடாப் பாத்து வெய்யி" என்றாய்.

நான் பார்த்துச் சொல்வதற்குள் போய்விட்டாய்.

அன்றிலிருந்து கையில் எடுக்கிற ஒவ்வொரு நாவலுக்கும் உன்னை அனுப்பிப் பார்க்கிறேன். ஒன்றிலும் நீ அடங்க மாட்டேன் என்கிறாய். பொண்டாட்டியை அடிக்கிறவன் கதைக்கு அனுப்பினேன். மறுநாளே அந்த வீட்டுச் சாவி உன் இடுப்புக்கு வந்துவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெண் சாகவென்று கிணற்றடிக்குப் போகிற கதைக்கு அனுப்பினேன். நீ அவளைப் பிடித்து உட்கார வைத்து, பசிக்கிறது என்று அவள் சொல்கிறவரை பேசினாய். மிச்சப் பக்கங்களுக்கு அங்கே வேலையே இல்லை. இப்படியானால் எந்த எழுத்தாளர் உன்னை உள்ளே விடுவார், சொல்!

எனக்குத் தெரிந்து நீ உள்ளே வந்த கதை ஒன்றே ஒன்றுதான். அதில் நாற்பதைத் தாண்டிப் படிக்க வந்த ஒருத்தி, சபையில் வாய் திறந்து பேசிவிட்டாள்.