சுமதி வீட்டு ஃபைபர் கம்பி

சித்திரை 9
வெயில் மண்டையைப் பிளக்கிறது. வடகம் காயப் போட்டாச்சு.
பக்கத்து மனையில் கொழுந்தனார் வீடு எழும்புகிறது. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பியே இல்லையாம், முழுக்க ஃபைபர் கம்பி. ஓரகத்தி சுமதி தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இது துருவே புடிக்காதுங்க. அக்கா ஊட்டுல பாருங்க, கம்பி துரு ஏறி மேலிருந்து கொட்டுது."
சாயப்பட்டறைத் தண்ணி இறங்கிய போர் தண்ணியில் கட்டின வீடு, கொட்டாமல் என்ன செய்யும்? அவள் பனியன் கம்பெனிக்கு ரெண்டு ஆர்டர் வந்ததும் வாய் இவ்வளவு நீளம். வயிறு எரிகிறது. எரியட்டும்.

சித்திரை 12
பால்காரன் வரவில்லை. வரக்காப்பி.
கம்பி வந்து இறங்கியது. சுமதி கம்பெனியில். லோடு கொண்டுவந்த ஆள் என் கேட்டைத் தட்டினான். "இதை இங்க வளைக்கக் கூடாதுங்க. வளைவு வேணும்னா எங்ககிட்டச் சொல்லோணும், வளைச்சே செஞ்சு தருவோம். சூடு மட்டும் காட்டிராதீங்க, பலமே போயிரும். மறக்காம அவங்ககிட்டச் சொல்லிருங்க."
மோர் கொடுத்து அனுப்பினேன். மறக்கவில்லை. சொல்லவும் இல்லை.

வைகாசி 2
மூட்டம். மழை இல்லை.
பால்கனிக்குக் கம்பி கட்டுகிறார்கள். இரும்பை வளைக்கிற மாதிரியே வளைத்துப் பார்த்தார்கள். விட்டதும் நிமிர்ந்துகொண்டது. கேஸ் அடுப்பைப் பற்றவைத்து நுனியைச் சுட்டார்கள். நாற்றம் என் சமையற்கட்டு வரை. மேஸ்திரி மேலிருந்து, "இப்பத்தானுங்க வழிக்கு வருது!"
"அப்படித்தானுங்க" என்றேன். இன்று ரசம் அருமையாக வந்தது.

ஆனி 6
காற்று, புழுதி. துணி எல்லாம் மறுபடி துவைக்க வேண்டும்.
பால்கனிக்கு முட்டுக் கொடுத்திருந்ததைப் பிரித்தாச்சு. விழவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மேலே, சுவரோரம் நீளமாக ஒரு கீறல். பார்த்தேன். மேஸ்திரி பூசி மறைத்து டைல்ஸ் ஒட்டிவிட்டார்.

ஆவணி 3
தூறல். நாளை சுமதி வீட்டுப் புதுமனை புகுவிழா. அரக்குப் பட்டு எடுத்து வைத்தாச்சு.
பால் காய்ச்சியதும் சொந்தக்காரர் எல்லாரும் பால்கனியில் நின்று போட்டோவாம். மகள் பிரியாவிடம் அங்கே போகாதே என்றேன். ஏன் என்றாள். கண்ணு பட்டுரும் என்றேன்.
சாயங்காலம் சுமதி வந்தாள். கூடவே ஆள் தோளில் ஒரு கட்டு. "அக்கா, மிச்சக் கம்பிங்க. உங்க ஊட்டு மேல்தளத்தைப் பேத்துப் போடறப்ப ஆகுமுன்னு எடுத்து வெச்சனுங்க. நாளைக்கு நீங்கதான் எனக்குப் பக்கத்துல நிக்கோணும்."
மூட்டு வலி, படி ஏற முடியாது என்றேன்.
"அப்ப நானே குழந்தைகளைக் கூட்டிட்டு நடுவுல நின்னுக்கறனுங்க."
சரி என்றேன்.
அவள் போனதும் என் வீட்டுக்காரர் ஒரு கம்பியை உருவி, முழங்காலில் வைத்து வளைக்கப் பார்த்தார். "வளைக்காதீங்க. சூடும் காட்டக் கூடாது, பலமே போயிரும்" என்றேன், அவசரத்தில்.
இவர் நிமிர்ந்து பார்த்தார். "இது சுமதிக்குத் தெரியுமா?"
அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.