முருங்கன் களியும் நம் பழைய வழக்கும்

மச்சான்,

இன்று பின்னேரம் என் சட்டைப்பையிலிருந்து எழுந்த ஈரக் களிமண் மணம் பஸ் முழுவதையும் நிறைத்து, சாரதியைத் தும்மவைத்து, என்னை நேராக உன் புத்தூர்க் கிணற்றடியில் கொண்டுபோய் இறக்கியது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நம் வழக்கு முடிந்ததோ இன்றுதான்!

அன்று வானொலியில் யப்பானின் அணு உலை வெடித்த செய்தி. நீ கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தாய்.

"உந்த நஞ்சுத் தண்ணியை மண்ணே சுத்தமாக்கும். அதுவும் எங்கடை புத்தூர்ச் செம்மண்!" என்று நான் உலகுக்கு அறிவித்தேன்.

வாய் நுரையோடு நீ சிரித்த சிரிப்பில் கிணற்றுத் தவளைகள் ஊரைவிட்டே ஓடின. "மண்ணைக் கழுவத்தான் தண்ணி. தண்ணியைக் கழுவ மண்ணோ? விசரா, செய்து காட்டு, நம்புறன்."

மன்னார் முருங்கனிலிருந்து எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவனுக்குச் செம்மண்ணின் பெருமை எங்கே விளங்கும் என்று உறுமினேன். அதன்பின் கலியாணப் பந்தியில்கூட இலைக்கு மேலால் எட்டிப் பார்த்து, "செய்து காட்டு" என்பாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கண்டபோதும், "என்ன, காட்டாமலே என்னை அனுப்பப் போறியோ?" என்றாய்.

இப்போது என் தங்கையின் மகள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இதையேதான் ஆராய்கிறாள். சக்கரவர்த்தியைப் போல ஒரு பை செம்மண்ணோடு போய் நின்றேன். அவள் மேசையில் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் உன் ஊர்க் களிமண், முருங்கன் களி, இருந்தது. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர்.

"அணு உலைத் தண்ணியிலை இருக்கிற நஞ்சு சீசியம். இதுக்குள்ளை கலந்தது கதிர்வீச்சில்லாத சீசியம்தான் மாமா, பயப்பிடாதேங்கோ. கதிர்வீச்சு இருந்தாலும் இல்லாட்டியும் தண்ணியிலை ரெண்டும் ஒரே மாதிரித்தான் நடக்கும்."

இரண்டு மண்ணையும் தனித்தனிக் குப்பிகளில் அந்தத் தண்ணீரோடு குலுக்கி, வடித்து, மிஞ்சியதை அளந்தாள். செம்மண் என் மானத்தை வாங்கியது. சீசியத்தில் பெரும்பகுதி தண்ணீரிலேயே நின்றது. களி போட்ட தண்ணீரிலோ கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை! நான் போட்ட கூச்சலுக்கு இணுவில் கோயில் மணி தானாக ஆடியிருக்கும்.

"விழுங்கிப்போட்டுதோ பிள்ளை?"

"இல்லை மாமா. சீசியம் களியின்ரை மெல்லிய தட்டுகளுக்கு இடையிலை போய் மாட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் களியைக் கவனமாப் பூட்டி வைக்கோணும். ஆனா பிடிச்சால் லேசிலை விடாது."

லேசில் விடாதாம்! உன் ஊர் மண்ணல்லவா?

வழக்கில் நான்தான் வென்றேன். ஆனால் உன் மண்ணை வைத்து வென்றேன். இதைச் சொல்லி நாலு ஊர் கேட்க உன்னைக் கேலி செய்ய நீ இல்லை. அதனால் சீசியம் படாத களிக்கட்டி ஒன்றை அவளிடம் கேட்டு வாங்கி வந்தேன். இனி நான் போகும் கலியாணப் பந்திக்கெல்லாம் அதுவும் வரும். சட்டையில் கறை பிடித்துவிட்டது, வீட்டில் ஏச்சு காத்திருக்கிறது.

கிடக்கட்டும். செய்து காட்டிவிட்டேன், மச்சான்.