ஐஸ்காரர் வாங்காத பெயிண்ட்

அரெக்கிப்பா,
ஆகஸ்ட் 22

அன்பு மகள் யெசேனியாவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம். உடம்பைத்தான் சொல்கிறேன். என் புத்தியின் சுகத்தைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். சாப்பி மாதா புண்ணியத்தில் நீயும் மிலானில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே காலைக் குளிர் எலும்பைக் குடைகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தாலும் வாய்க்கு ஒன்றும் இல்லை, அது நன்றாக ஓடுகிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் சொன்னால் அவள் குறுக்கே புகுந்து என்னை இன்னும் பெரிய முட்டாளாக்கிவிடுவாள், நான் ஆனது போதாதென்று.

கடைக்குக் கணக்கு சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லி நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! இனி கையால் பில் எழுத முடியாது, கம்ப்யூட்டரில் போட்ட மறுநிமிஷமே ஒவ்வொரு பில்லும் வரி அலுவலகத்துக்குப் போய்விடும் என்றாய். "அப்பா, விலையப் பாக்காதீங்க, கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் வருமான்னு பாருங்க" என்றும் சொன்னாய். இரண்டு பேர் வந்து காட்டினார்கள். ஒருத்தி மரிலூஸ் என்கிற பெண், விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் கடையிலேயே வந்து உட்கார்ந்து பழக்கிவிடுவதாகச் சொன்னாள். இன்னொருவன் கூர்மூக்கு ஷூ போட்ட இளைஞன், விலை பாதி, பாடமெல்லாம் வீடியோவாகப் போனுக்கு வந்துவிடும், நீங்களே பார்த்துக் கற்கலாம் என்றான். நான் எதை வாங்கினேன், ஏன் வாங்கினேன் என்று உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மரிலூஸ் காட்டிய திரை ஒருவித அழுக்கு மஞ்சள், என் கடையில் வருஷக்கணக்காக விற்காமல் கிடக்கும் அதே மஞ்சள். அவன் காட்டியது அருமையான கடல் நீலம். ஆயுசு பூராவும் பெயிண்ட் விற்றவன் வேறு எப்படித் தேர்ந்தெடுப்பான்? அம்மா கேட்டாள், "நீங்க கணக்கு மெஷின் வாங்கப் போனீங்களா, சுவருக்குக் கலர் பாக்கப் போனீங்களா?" என்று. இந்த வயசில் ஒரு சின்னப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்துவதா என்கிற வீம்பும் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வீடியோ பாடம் ஆரம்பித்தேன். முதல் பாடத்தில் அந்த இளைஞன் வணக்கம் சொன்னான். இரண்டாவதில் தூங்கிவிட்டேன். மூன்றாவதிலிருந்து எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. பழகும்போது போடுகிற பில் வெளியே போகாமல் இருக்க ஒரு பொத்தானை முதலில் அழுத்த வேண்டுமாம், அது அந்த இரண்டாவது பாடத்தில்தான் இருக்கிறதாம், என் தலையெழுத்தைப் பார். பில் போட்டுப் பழக ஒரு ஆளின் பெயரும் வரி எண்ணும் வேண்டும் என்று கேட்டது. நம் ஊரில் எதற்காவது ஒரு பெயர் வேண்டுமென்றால் நாம் யார் பெயரைக் கொடுப்போம்? கடனுக்கு ஜாமீனா, ஆஸ்பத்திரியில் உறவுக்காரரா, எல்லாவற்றுக்கும் கொம்பாத்ரே பெயர்தானே. ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தி, மகள் என்று கூப்பிட்டு, எனக்குக் கொம்பாத்ரே ஆனவர் உன் ஞானத்தகப்பன் ஹிலாரியோ. அவர் சந்தையில் ஐஸ் கடை போட்டபோது அவரோடு வரிசையில் நின்று எண் வாங்கிக் கொடுத்தவனே நான், அது எனக்கு மனப்பாடம். போட்டேன் மகளே, ஆசை தீரப் போட்டேன். சின்ன பில் போட்டால் கைக்குப் பெருமையாக இல்லை என்று பெரிது பெரிதாகப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் 'சரி' என்று பச்சை அடையாளம் வேறு வந்து என்னைத் தட்டிக்கொடுத்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் மிஸ்தி மலைக்கே அடிவாரத்திலிருந்து உச்சி வரை பெயிண்ட் அடிக்கலாம், அவ்வளவையும் ஒரு ஐஸ்காரர் வாங்கியிருந்தார்.

போன வாரம் ஹிலாரியோ முகம் வெளுத்துப்போய் கடைக்கு வந்தார். போனில் வந்த செய்தியைக் காட்டினார். வரம்புக்கு மேல் சரக்கு வாங்கியிருப்பதால் சின்ன வியாபாரிகளுக்கான சலுகை அடுத்த மாதத்தோடு ரத்து என்று இருந்தது. "ஓய் கொம்பாத்ரே, ஐஸுக்கு நான் வாங்குறது பாலும் தேங்காயும் லவங்கப்பட்டையும்தான்யா. எவனோ களவாணிப் பய என் நம்பரைத் திருடியிருக்கான். சலுகை போச்சுன்னா கணக்கர் வைக்கணும், மாசாமாசம் வரி கட்டணும், இந்த ஐஸ் வித்து எங்க முடியும்? கடையப் பூட்டிட்டு லீமாவுல மகன் வீட்டு மூலையில போய் உக்கார வேண்டியதுதான்" என்றார், கண் கலங்கிவிட்டது. செய்தியில் விற்றவன் பெயர் இல்லை, தொகை மட்டும் இருந்தது. எங்கேயோ பார்த்த தொகையாக இருக்கிறதே என்று யோசித்தேன். எங்கேயா? என் நீலத் திரையில்! முந்தின நாள்தான் அதைப் பார்த்துப் பூரித்திருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பன் என்ன செய்தான் தெரியுமா? அவரோடு சேர்ந்து திருடனைத் திட்டினான். "அவன் கை அழுகிப் போக" என்று அவரை விடச் சத்தமாகச் சொல்லிவிட்டு, என் கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டேன்.

அவர் போனதும் மரிலூஸிடம் ஓடினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, அதற்கே அவளுக்குக் கோயில் கட்டலாம். "ரத்து பண்ணலாம் ஐயா. ஆனா பொருள் கைக்கு வரவே இல்லன்னு அவரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்" என்றாள். ஆக, சொல்லாமல் தப்பிக்க வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் நானும் ஹிலாரியோவும் ஓட்டலில் அதோபோ கறிக்குழம்பு சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "அன்னிக்கு என்கூடச் சேர்ந்து திட்டினீரே, அது யாரை?" என்றார். என்னைத்தான் என்றேன். நான் நினைத்தேன், இதற்காவது சிரிப்பார் என்று. சிரிக்கவில்லை. "தப்பா பில் போட்டது கிறுக்குத்தனம், விட்டுடலாம். நான் அழுதப்ப பாத்துட்டு நின்னீரே" என்றார். எழுந்து தன் தட்டுக்கு மட்டும் தானே பணம் கொடுத்தார். உனக்குத் தெரியாதா, அந்த மேசையில் நாங்கள் என்றைக்காவது தனித்தனியாகப் பணம் கொடுத்ததுண்டா? "கையெழுத்துப் போட வாரேன். என் கடைக்காக வாரேன், உமக்காக இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாகூட அன்றைக்கு என்னை ஒன்றும் சொல்லவில்லை, நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலேயே தெரிந்துகொள்.

நேற்று ஹிலாரியோவும் நானும் வரி அலுவலகம் போனோம். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுத்தான் உட்கார்ந்தார். எங்கள் முறை வந்ததும் அங்கிருந்த பெண் காகிதத்தையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, நீங்க வாங்காத சரக்குக்கு உங்க பேர்ல பில் போட்டிருக்காரு. நீங்க விரும்பினா இவர் மேல புகார் கொடுக்கலாம். இவர் உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் கடைக்காரர் என்று சொல்லிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது, அப்படிச் சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு. ஹிலாரியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "என் மகளப் பெத்தவரு" என்றார்.

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காகிதத்தில் என்ன எழுதினாளோ, எனக்குப் பார்வை தெளிவாக இல்லை. பில்கள் எல்லாம் ரத்தாகிவிட்டன, அவர் சலுகையும் தப்பியது. வெளியே வந்ததும், "மூஞ்சியத் தொடையும்யா, ஜனங்க பாக்குது" என்றார், அவ்வளவுதான், ஆனால் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை முதல் மரிலூஸ் கடைக்கு வந்து எனக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள், அழுக்கு மஞ்சளோடுதான். நீ குளிரக் குளிர எதையும் குடிக்காதே, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அம்மாவின் முத்தங்களும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் ஹிலாரியோவுக்குச் செய், அப்புறம் எங்களுக்குச் செய்தால் போதும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்,
எவாரிஸ்தோ