உன்னை விட்டுட்டுக் கேட்ட ஆல்பம்

ஸ்ட்ராத்தோ,

அரிசி அடைச்ச தக்காளி அடுப்புல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு. உன் அக்கா வந்தா கார் சாவியக் குடுத்துடு.

மிர்சினியோட புது ஆல்பத்தை நேத்து உன்னை விட்டுட்டுக் கேட்டது தப்புதான். தெசலோனிக்கியில அவ கச்சேரிக்கு நின்ன க்யூவுலதானே நாம பழகினோம்! அதுலேர்ந்து அவ எது பாடினாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் முதல்ல கேப்போம். சலூன்ல என்கூட வேலை பாக்குற பொண்ணுங்க அதைப் போட்டுட்டாங்க. "பழைய மிர்சினி செத்துட்டா"ன்னு ஒருத்தி, "இப்பதான்டி பொறந்திருக்கா"ன்னு இன்னொருத்தி, ஒரே சண்டை. நானும் நின்னு கேட்டுட்டேன்.

நீ குடிக்க ஒரு பாட்டில் ஊசோ வாங்கி வச்சு, ஸ்பீக்கரைத் துடைச்சு வச்சுக் காத்திருந்தே. "பரவாயில்ல, நீ கேட்டுட்டேல்ல"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டே. அதுக்குப் பதிலா என்னைத் திட்டியிருக்கலாம்.

"சுமார்தான்"னு சொன்னேனே, அது பொய். மூணாவது பாட்டுல, ஒரு அம்மாவுக்கு முடிச்சாயம் பூசிக்கிட்டே அழுதேன். பக்கத்துல நீ இல்ல.

ஃபானி

பி.கு: கடைசிப் பாட்டு வந்தப்போ வெளிய போயிட்டேன், அதை மட்டும் கேக்கல. நான் வர்ற வரைக்கும் பொறு. ஒருவேளை நீ ஏற்கெனவே கேட்டிருந்தா சொல்லாதே. புதுசாக் கேக்குற மாதிரி பக்கத்துல உக்காரு. நான் நம்பிடுறேன்.