வருகிறேன் என்று எழுதாதே

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நீ, உன் மனைவி, குட்டி மகள் வாலு மூவரும் சுகம்தானே? உடனே பதில் போடு. நான்கு நாள் தள்ளிப்போனால் நான் என்னென்ன நினைப்பேன் என்று உனக்குத் தெரியும். போன் மட்டும் செய்யாதே. மணி அடித்தாலே யாருக்கு என்னவோ என்று எடுக்காமலே விட்டுவிடுகிறேன்.

இந்த முறையும் வரமுடியவில்லை. ரயில் நிலையம் வரை வந்தேன், நிஜமாகத்தான். பெட்டியில் ஏறப்போகும்போது தோன்றியது: தூங்கிப்போய் உன் ஊரைத் தாண்டிவிட்டால்? வீட்டில் கேஸை மூடினேனா? மூடியிருந்தாலும் எலி குழாயைக் கடித்துவிட்டால்? வண்டி போய்விட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கேஸ் மூடித்தான் இருந்தது. எலியும் இல்லை.

வாலுவுக்கு ஒரு கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். பட்டன்களை இரண்டு தடவை தைத்திருக்கிறேன். பிய்த்து விழுங்கிவிட்டால்?

கவலையோடு (வேறென்ன),
அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பதில் போட எட்டு நாளாகிவிட்டது. அதற்குள் என்னை எத்தனை லிஃப்ட் குழியில் தள்ளிவிட்டாயோ தெரியவில்லை. இருபது வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறேன், சுண்டுவிரல்கூட நசுங்கியதில்லை.

கவுன் அழகாக இருக்கிறது. ஆனால் போடமுடியவில்லை. அது நாலு வயதுக் குழந்தையின் அளவு. வாலுவுக்கு ஆறு முடியப்போகிறது. நாங்கள் அங்கே வந்தபோது அவளுக்கு இரண்டு. போன வருஷம் மறுபடி கிளம்பினோம். எங்கள் பக்கம் காய்ச்சல் பரவுகிறது, குழந்தையைக் கூட்டி வராதே என்று நீதான் தடுத்தாய்.

பள்ளியில் சொந்தக்காரர்களைப் பற்றி ஒவ்வொரு வரி சொல்லச் சொன்னார்களாம். மாமா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறாள். உன் முறை வந்ததும், "அத்தைன்னா வரேன்னு லெட்டர் போடுறவங்க" என்றாளாம். வீட்டில் சொன்னபோது சிரித்துவிட்டோம். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்புடன்,
தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வேண்டுமென்றா இப்படி நினைக்கிறேன்? ஒரு சட்டையை விரித்தால் எனக்கு முதலில் தெரிவது அறுந்த நூல்தான். தையல் கம்பெனியில் எனக்கு அதற்குத்தான் சம்பளம். "உங்க கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாதுக்கா" என்கிறார் சூப்பர்வைசர். வேலை முடிந்த பிறகும் அந்தக் கண்ணை மூட எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் பதினான்காம் தேதி காலை வண்டியில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வாலுவிடம் சொல்லி வை. இது சத்தியம்.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் நின்றேன். வாலு வரவில்லை. கூப்பிட்டதற்கு, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் கார்ட்டூன் பாக்கறேன்" என்றாள். நீ வரமாட்டாய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

உன் மேல் கோபம் இல்லை. உனக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சமாவது புரிகிறது. ஆனால் அவளுக்கு ஏமாந்து ஏமாந்து பழகிவிட்டது, அதுதான் தாங்கவில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன்: வருகிறேன் என்று இனிமேல் எழுதாதே. வந்தால் வா. நானும் அவளிடம் சொல்லப்போவதில்லை. உனக்கென்று போட்டு வைத்திருந்த கட்டிலை அவளுக்கே கொடுத்துவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 9

தம்பி,

இதை உன் வீட்டுக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

வந்துவிட்டேன். நீ சொன்னபடி எழுதாமல் வந்தேன். எழுதியிருந்தால் வீட்டில் இருந்திருப்பீர்கள்.

வழியெல்லாம் பயம்தான். இரண்டு இடத்தில் பாதியிலேயே இறங்கப் பார்த்தேன். எதிரில் இருந்த அம்மாள், "இங்கதான் இறங்கணுமா?" என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. "இல்லீங்க" என்றதும் மறுபடி உட்காரவேண்டியதாகிவிட்டது. உன் லிஃப்டில் ஏறவில்லை. நான்கு மாடியும் படிதான். அதற்குத் திட்டாதே.

பூட்டைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்து அழுதேன். ரயில் கவிழும், நெஞ்சு வலிக்கும், பை தொலையும் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். இதை மட்டும் நினைக்கவே இல்லை. எப்போது வந்தாலும் நீங்கள் இருப்பீர்கள் என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டேனடா.

எதிர்வீட்டு டீச்சரம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தார். நீங்கள் உன் மாமனார் வீட்டுக்குப் போயிருப்பதாகவும் நாளைக் காலை வந்துவிடுவீர்கள் என்றும் சொன்னார். உனக்குப் போன் போடப் போனவரை நான்தான் தடுத்தேன். நீ பதறிக்கொண்டு வண்டியை வேகமாக ஓட்டி வந்தால்? "அப்ப எங்க வீட்லயே இருங்க, அதுக்கென்ன" என்று ஓர் அறையைக் காட்டினார்.

முன்பின் தெரியாத வீடு. கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, மின்விசிறி ஆடுகிறது. எனக்குத் திரும்பிப்போக ஐந்தரைக்கு ஒரு வண்டி இருந்தது. விசாரித்து வைத்திருந்தேன். இப்போது மணி ஆறு.

அத்தை வந்திருக்கிறாள் என்று வாலுவிடம் சொல்லாதே. நம்பமாட்டாள். எதிர்வீட்டு மணியை அவளையே அடிக்கச் சொல். எட்டாவிட்டால் தூக்கிப் பிடி, கவனமாக.

கதவை நான் திறக்கிறேன்.

அக்கா