குழாயைத் திறந்து வைத்தது யார் என்பது குறித்து

அனுப்புநர்
சீ. நாகஜோதி,
த/பெ. சீனிச்சாமி,
செக்கிங் தொழிலாளி,
பூலாங்காட்டுக் காலனி, வேலம்பாளையம்.

பெறுநர்
நல அலுவலர் அவர்கள்,
பின்னலாடைத் தொழிலாளர் நல மையம்,
வேலம்பாளையம்.

பொருள்: ஞாயிறு ஆங்கில வகுப்பை மீண்டும் நடத்தவும், ஆசிரியர் திரு. திருமூர்த்தி மீதான தடையை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எட்டு வருடமாக இங்கே பனியன் கம்பெனியில் துணியில் கறை, ஓட்டை பார்க்கும் வேலை செய்கிறேன். 2004 தை மாதம் முதல் தங்கள் மையத்தின் மாடி அறையில் ஞாயிறு காலைகளில் ஆங்கில வகுப்பு நடந்தது. ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்யும் திரு. திருமூர்த்தி சொல்லிக்கொடுத்தார். நாங்கள் பதினைந்து பேர் படித்தோம்.

2. எங்களுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் எழுதும் கடித வரிகள்தான் பாடம். கறை காணப்பட்டது, சரக்கு நிராகரிக்கப்பட்டது என்றே எல்லா வரியும் இருக்கும். முதல் நாள், பெட்டி பிரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு, "பிரிச்சது யாருங்க?" என்று கேட்டார். பேக்கிங்கில் இருக்கும் மூக்கம்மாள் அக்கா எழுந்து நின்று, "சத்தியமா நான் இல்ல சார்" என்றார். அன்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

3. "பெட்டி முக்கியம்னா இப்படி எழுதறது சரிதானுங்க. ஆளை மறைக்கிறதுக்கும் இதையே எழுதுவாங்க. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கோணுங்க" என்பார் ஆசிரியர். அதனால் அப்படி வரும் ஒவ்வொரு வரிக்கும் கீழே, செய்தவர் பெயருக்கு நாங்கள் ஓர் இடம் விட வேண்டும். எங்களுக்கு இது கஷ்டமாக இல்லை. கம்பெனியில் நான் பார்த்த துணியில் என் 23ஆம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டித்தான் அடுத்த மேஜைக்குப் போகும். மேட் இன் இந்தியா லேபிளும் இதே மாதிரி வாக்கியம்தான் என்று அவர் சொன்ன வாரம் முழுவதும், மூக்கம்மாள் அக்கா ஒவ்வொரு பீஸையும் மடிக்கும்போது தைத்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டே மடித்தார். சூப்பர்வைசர் திட்டியும் நிறுத்தவில்லை.

4. 08.11.2006 அன்று அறைக் கதவில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது. குழாய் திறந்து வைக்கப்பட்டிருந்தது, தையல் பயிற்சித் துணிகள் நனைந்துவிட்டன, வகுப்பு நிறுத்தப்படுகிறது. யார் உதவியும் இல்லாமல் நான் முழுதாகப் படித்த முதல் ஆங்கில அறிவிப்பு அதுதான். அழுகை வந்தது.

5. மறுநாள் திரு. திருமூர்த்தி தங்கள் அலுவலகத்துக்கு வந்து, "நான்தானுங்க மறந்துட்டேன்" என்று எழுதிக்கொடுத்ததாகவும், அதன்பின் அவரை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு ஆனதாகவும் காவலாளி மயில்சாமி அண்ணன் சொன்னார். எங்கள் யார் மீதும் பழி வரக் கூடாது என்று அவர் அப்படி எழுதியிருக்கிறார். அது உண்மையல்ல.

6. 05.11.2006 ஞாயிறு வகுப்பு முடிந்து, வீட்டுக்கு ஒரு குடம் பிடிக்கலாம் என்று மாடிக் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எங்கள் காலனியில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். வரும் சத்தம் கேட்கட்டும் என்று குழாயைத் திறந்தே வைப்பது எங்கள் பழக்கம். அதே நினைப்பில் மூடாமல் போய்விட்டேன். திங்கட்கிழமை தண்ணீர் வந்திருக்கிறது. மூட ஆள் இல்லை. இதைச் சொல்ல இரண்டு வாரம் பயந்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

7. நனைந்த துணிகளை அலசி, தேய்த்து, கறை பார்த்துத் தர நாங்கள் பதினைந்து பேரும் தயார். என்னை வகுப்பில் சேர்க்க வேண்டாம் என்றாலும் ஒத்துக்கொள்கிறேன். மற்ற பதினான்கு பேருக்கும் கதவைத் திறந்துவிடுங்கள். ஆசிரியரை உள்ளே விடுங்கள்.

8. அறிவிப்பின் முதல் வரிக்குக் கீழே, குழாயை மறந்தவர் என்று இப்போது இருக்கும் அவர் பெயரை அடித்துவிட்டு நாகஜோதி, 23 என்று எழுதிக்கொள்ளவும். வகுப்பு நிறுத்தப்படுகிறது என்ற மூன்றாம் வரிக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. வகுப்பு மறுபடி திறக்கப்பட்டது என்று அடுத்த அறிவிப்பு வரும்போது, ஐயா, அதன் கீழே தங்கள் பெயரை எழுத ஆசைப்படுகிறேன்.

இடம்: வேலம்பாளையம்
நாள்: 19.11.2006, ஞாயிறு, காலை பத்து மணி

பூட்டிய கதவின் முன் உட்கார்ந்து எழுதியவள்,
(ஒப்பம்) சீ. நாகஜோதி