லிங்க் போகும் இடம்

ஜூலை 7, திங்கள்

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்பா ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர். அவருடைய வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது பிளஸ் ஒன் படிக்கும் நான். போலி வேலை லிங்க்குகளில் பலர் ஏமாந்த பிறகு, கன்னாபின்னா எழுத்துகள் உள்ள சின்ன லிங்க்கை யாரும் தொடுவதில்லை. அதனால் எங்கள் சைட்டின் பெயருக்கு முன்னால் ‘வேலை’ என்று ஒரு சப்டொமைன் சேர்த்து, லிங்க் சுருக்கும் சேவையோடு இணைத்தேன். எங்கள் பெயரைப் பார்த்து நம்பினார்கள். எங்கள் வீட்டு மாடி அறையில் கம்பெனிப் பெண்களோடு தங்கியிருக்கும் பூமாரி அக்காவும் அப்படித்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தாள். ‘பெண்களுக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது’ என்று லிங்க் திறக்கும் பக்கத்தில் அப்பா சொல்லித்தான் எழுதினேன்.

இன்று அக்காவுக்கு நைட் ஷிஃப்ட் போட்டிருக்கிறார்கள்.

“எங்கய்யா அந்த ஒத்த வரியப் பாத்துதாம்ட்டி அனுப்புனாவ. ராத்திரி வேலைன்னு தெரிஞ்சா மறுநாளே கூட்டிட்டுப் போயிருவாவ” என்றாள். அய்யா என்றால் அவளுடைய அப்பா.

ஜூலை 8

அப்பா சொன்னார்: “அந்த வரிய எட்த்துட்டு நைட் உண்டுன்னு போட்டுடு. லிங்க் அதேதானே, எவனுக்குத் தெரியப்போவுது?”

பரீட்சை இருக்கிறது என்றேன். மாற்ற மாட்டேன்.

ஜூலை 10

அப்பாவின் ஆபீஸில் வேலை பார்க்கும் ஹேமந்த் மாற்றிவிட்டான். சுருக்கும் சேவையின் பாஸ்வேர்டு அவனிடமும் இருக்கிறது. லிங்க் அதே, திறக்கும் பக்கம் வேறு. அக்கா நியாயம் கேட்க ஆபீஸில் போனைத் திறந்து காட்டியிருக்கிறாள். “நைட் உண்டுன்னு பெர்சா போட்டுகீதேம்மா, கண்ணாடி வாங்கிக்கோ” என்று சிரித்திருக்கிறான்.

“நாந்தான் தப்பா வாசிச்சுட்டனாட்டி?” என்று என்னிடம் கேட்டாள்.

ஐயோ அக்கா, நீ சரியாத்தான் வாசிச்ச. வாய் வரைக்கும் வந்துச்சு. ஏன் சொல்லல? பயம்தான், வேற இன்னா?

ஜூலை 11

ஹேமந்திடம் இருப்பது சேவையின் பாஸ்வேர்டு. சப்டொமைன் எங்கே போக வேண்டும் என்பதையே மாற்றக்கூடிய டொமைன் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான்.

ஜூலை 14

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன், சப்டொமைனை அந்தச் சேவையிலிருந்து பிடுங்கி, நான் முதலில் எழுதிய பக்கத்துக்கே திருப்பிவிட்டேன். மாலைக்குள் எல்லார் போனிலும் மாறிவிட்டது. ஹேமந்த் என்னென்னவோ தட்டிப் பார்த்தானாம், ஒன்றும் நடக்கவில்லை.

பூமாரி அக்காவிடம் எல்லாம் சொன்னேன். அவள் மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கே போய், மேனேஜரை அவர் போனிலேயே லிங்க்கைத் திறக்க வைத்திருக்கிறாள். அவர் அப்பாவைக் கூப்பிட்டு, “உங்க பேர் போட்ட லிங்க்தானே? நைட் கிடையாதுன்னு இருக்கே, எங்ககிட்ட மட்டும் நைட்டுக்கும் வருவாங்கன்னு சொன்னீங்க?” என்றாராம்.

அப்பா டொமைன் பாஸ்வேர்டு கேட்டார். மறந்துவிட்டது என்று சொல்லவில்லை. தர மாட்டேன் என்றேன். அப்படியே என் அறைக்குள் ஓடி வந்து தாழ் போட்டுக்கொண்டேன். அடி விழும். விழட்டும்.

நைட் ஷிஃப்ட் பஸ் வாசலில் நின்று ஹார்ன் அடிக்கிறது. மாடியிலிருந்து ஒருத்தியும் இறங்கவில்லை.

இன்னும் அடிக்கிறான்.

பஸ் போய்விட்டது. காலியாக.

யாரோ வருகிறார்கள் — அப்பாதான், கதவைத் தட்டுகிறார். “கலைமதி! தொற கதவ! இன்னா பாஸ்வேர்டு அது?”

சொல்ல மாட்